பந்து எங்கே பட்டது

லிண்டன் பிரெய்ரி கல்லூரி,
விஸ்கான்சின்
ஆகஸ்ட் 28, 1983

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

லைல் எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். அது போன வருடத்து வலி. படியிறங்கும்போது மட்டும் தலைகாட்டுகிறது. அப்பாவும் அம்மாவும் நன்றாக இருக்கிறார்கள். அலாஸ்காவில் உனக்கு இரண்டாவது பனிக்காலம் வரப்போகிறது. போன தடவைபோல இருமலை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதே என்று அம்மா எழுதச் சொன்னாள்.

பயிற்சி தொடங்கிப் பத்து நாளாயிற்று. கல்லூரியில் எனக்கு இது கடைசி வருடம். எங்கள் எட்டுக் கல்லூரிக் கூட்டமைப்பில் மூன்று வருடமாக நாங்கள் ஆறாவது, ஆறாவது, ஏழாவது. முதல் நான்கு இடத்துக்குள் வந்தால்தான் நவம்பரில் நடக்கும் சாம்பியன் போட்டியில் ஆடமுடியும். கோச் பெனடெட்டி எங்களை வரிசையாக நிற்கவைத்து, "போன வருஷம் உங்க ஆட்டத்தப் பாக்க வந்தவங்கள விட, பக்கத்து வயல்ல மேஞ்ச மாடுங்க அதிகம். இந்த வருஷம் அதுங்களாவது சந்தோஷப்படட்டும்டா" என்றார்.

பெரிய செய்தி அப்பாதான். "உதைக்கிற ஆட்டம்" என்று இத்தனை காலம் கேலி பேசியவர், நூலகத்திலிருந்து கால்பந்து விதிப் புத்தகத்தை எடுத்துவந்து படிக்கிறார். பண்ணைகளில் பால் எடுக்கப்போகும் லாரியிலேயே வைத்திருக்கிறார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று போன ஞாயிறு எனக்கே விளக்கினார். பாதி சரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
லைல்

—

செப்டம்பர் 19, 1983

அன்புள்ள லைலுக்கு,

உன் கடிதம் கைக்கு வர மூன்று வாரம் ஆகிவிட்டது. கடலோரம் முழுக்க மூடுபனி. தபால் விமானம் இரண்டு தடவை எங்கள் தலைக்கு மேல் வட்டமடித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. சத்தம் கேட்கும், காபித்தூள் வராது. அது ஒன்றுதான் இங்கே குறை. இருமல் இல்லை என்று அம்மாவிடம் சொல். முழங்காலுக்குக் கட்டுப் போடு.

உன் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். என்னிடம் படிப்பது பதினோரு பிள்ளைகள். நஸ்தாசியா என்று ஒன்பது வயதுக்காரி ஒருத்தி இருக்கிறாள். எதையும் அரைகுறையாக விடமாட்டாள். "மாட்டுக்கு சந்தோஷம் வந்துச்சான்னு எழுதச் சொல்லுங்க டீச்சர்" என்கிறாள். இனி ஆட்டம் பற்றி விவரமாக எழுது. இங்கே மாலையில் செய்வதற்கு வேறு வேலை இல்லை.

அக்கா,
வெர்னா

—

அக்டோபர் 16, 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உன் பதினோரு பேரும் நலம்தானே? இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. எல்லோருக்கும் மூக்கடைப்பு, மற்றபடி குறையில்லை.

மாட்டுக்கு நிச்சயம் சந்தோஷம்தான். எட்டு ஆட்டம் ஆடி ஐந்தில் ஜெயித்திருக்கிறோம். இப்போது மூன்றாவது இடம். ஐந்து கோல் நான் போட்டது. அப்பா ஒரு ஆட்டம் விடுவதில்லை. பால் எடுத்து முடித்த கையோடு ரப்பர் பூட்ஸோடு வந்து எல்லைக் கோட்டருகே நின்றுவிடுகிறார். கோல் கிக்குக்கெல்லாம் "கார்னர்! கார்னர்!" என்று கத்துகிறார். பையன்கள் அவருக்கு "கார்னர் ஹால்வர்சன்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் பெருமை.

போன சனிக்கிழமை ஆல்டர்ஃபோர்டு கல்லூரியோடு ஆடினோம். கோலே இல்லாமல் முடிந்தது. காரணம் அவர்களுடைய கோல்கீப்பர் ரே ஜெலின்ஸ்கி. என் ஷாட் மூன்றைப் பிடித்தான். மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு, "அருமையான ஷாட்டுப்பா. வேற எவனா இருந்தாலும் உள்ள போயிருக்கும்" என்றான். என்னைப் புகழ்ந்தானா, தன்னைப் புகழ்ந்துகொண்டானா என்று வீட்டுக்கு வரும்வரை யோசித்தேன். ஆட்டம் முடிந்ததும் பேசினோம். நல்லவன்தான். அவனுக்கும் கடைசி வருடம். படிப்பு முடிந்ததும் மில்வாக்கி பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கும் கால்பந்தும் சொல்லித்தரும் வேலை கிட்டத்தட்ட முடிவாகிவிட்டதாம்.

அரையிறுதி நவம்பர் 4, இறுதி 6. எங்களுக்காக வேண்டிக்கொள்.

லைல்

—

நவம்பர் 9, 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஜெயித்துவிட்டோம். அரையிறுதியில் ஆல்டர்ஃபோர்டை 2-1, இறுதியில் 1-0. கல்லூரி தொடங்கி எண்பது வருடத்தில் கால்பந்தில் முதல் கோப்பை. அரையிறுதியில் இரண்டாவது கோல் நான் போட்டது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருந்தது. வலப்பக்கமிருந்து பந்து வந்தது, உள்ளே போயிற்று. இறுதி ஆட்டத்தில் நான் அவ்வளவாக ஆடவில்லை. முழங்கால்.

திரும்பும் வழியில் பேருந்து பனியில் சிக்கியது. இருபத்தோரு பேரும் இறங்கித் தள்ளினோம். அம்மா கட்டிக்கொடுத்த மான்கறி சாண்ட்விச் எல்லோருக்கும் வந்தது. கோச் நான்கு சாப்பிட்டார். பேருந்துக்காரருக்கு அறுபத்தெட்டு வயது, கொரியப் போரில் லாரி ஓட்டினவராம். நல்ல மனிதர்.

பரீட்சை வருகிறது. வேறு விசேஷமில்லை.

லைல்

—

நவம்பர் 10, 1983

மகள் வெர்னாவுக்கு அப்பா எழுதுவது.

சௌக்கியமா? நாங்கள் சௌக்கியம். நான் கடிதம் எழுதுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் உன் தம்பி எழுதினால் "பந்து உள்ளே போயிற்று" என்று எழுதுவான். அவன் சுபாவம் அப்படி. அதனால் நான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை. ஆட்டம் 1-1. இன்னும் ஒரு நிமிடம், அப்புறம் கூடுதல் நேரம் இருபது நிமிடம். எனக்குக் கால் மரத்துவிட்டது. அப்போது வலப்பக்கமிருந்து உயரமாக ஒரு பந்து. அந்த ஜெலின்ஸ்கி முன்னால் ஓடி வருகிறான். லைல் பாய்கிறான். அவனுக்கு இரண்டு கை தூரம் முன்னால் போய், மார்பால் தட்டி உள்ளே தள்ளினான் பார், அப்படி ஒன்றை நான் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை. நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன், பக்கத்தில் நின்ற பெண்மணியைக் கட்டிப்பிடித்துவிட்டேன். யாரென்றே தெரியாது. அம்மாவிடம் சொல்லாதே.

ஜெலின்ஸ்கிக்குத் தோற்கத் தெரியவில்லை. கையைக் கையைக் காட்டிக் கத்தினான். நடுவர் லைலைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். லைல் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னான். அவ்வளவு பெரிய கோல் போட்டுவிட்டு அந்த அடக்கம்! உடனே ஜெலின்ஸ்கி நடுவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். சிவப்பு அட்டை. நடுவர் மேல் கை வைக்கலாமா? புத்தகத்திலேயே இருக்கிறது.

பத்திரிகையில் லைலின் படம் வந்திருக்கிறது. எல்சி தன் காபிக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறாள். நான்தான் ஆணி அடித்துக் கொடுத்தேன்.

அப்பா,
ஹார்லன்

—

டிசம்பர் 2, 1983

அன்புள்ள லைலுக்கு,

வாழ்த்துகள். பிள்ளைகள் கை தட்டியதில் சுவரில் மாட்டியிருந்த உலகப்படம் கீழே விழுந்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் எப்படி?

உன் கடிதமும் அப்பாவின் கடிதமும் ஒரே விமானத்தில் வந்தன. இரண்டையும் படித்துக் காட்டினேன். நஸ்தாசியாவுக்குக் கோலைப் படமாக வரைந்து பார்க்கவேண்டுமாம். கரும்பலகையில் உன்னை வரைந்தேன், கோல்கீப்பரை வரைந்தேன். பந்தை வரையப் போனபோது, "டீச்சர், அவரு பாயறாருல்ல? பாயும்போது மார்பு கீழ பாத்துக்கிட்டுல்ல இருக்கும்? பந்து எங்க பட்டுச்சு?" என்று கேட்டாள். சுண்ணக்கட்டியை வைத்துவிட்டேன்.

பந்து எங்கே பட்டது லைல்? அவளுக்கு எழுது.

கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். சீல் தோல் விளிம்பு வைத்தது. நஸ்தாசியாவின் அம்மா தைத்தது.

அக்கா,
வெர்னா

—

டிசம்பர் 28, 1983

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் நலம். கையுறை சரியாக இருக்கிறது. அப்பா போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்ற மனமில்லாமல் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு அம்மா பன்றித் தொடை சுட்டாள். நீ இல்லாததால் உருளைக்கிழங்கு மிஞ்சியது. முழங்கால் பரவாயில்லை.

மைனஸ் இருபத்தேழு. லாரியில் டீசல் கூழாகிவிட்டது. விடுமுறையில் காலையில் அப்பாவோடு பால் எடுக்கப் போகிறேன். எங்கள் அணியில் ஒருவனுடைய சித்தப்பா மகன் ஆல்டர்ஃபோர்டில் படிக்கிறான். ஜெலின்ஸ்கிக்கு அந்தப் பள்ளி வேலை இல்லையென்று ஆகிவிட்டதாம். நடுவர்மேல் கைநீட்டினவனைப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தர வைக்கமுடியாது என்றார்களாம். பக்கத்து வீட்டு லார்சன் பனி வாரும் இயந்திரம் புதிதாக வாங்கியிருக்கிறார். சிவப்பு நிறம். தெரு முழுக்க இலவசமாக வாரித் தருகிறார்.

புத்தாண்டு வாழ்த்துகள். பிள்ளைகளுக்கும் சொல்.

லைல்

—

ஜனவரி 17, 1984

அன்புள்ள லைலுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. கையுறை பொருந்தியதில் மகிழ்ச்சி. லார்சனுடைய இயந்திரத்தின் நிறம் வரை எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒன்றே ஒன்று.

இனிக் கேட்கமாட்டேன். நஸ்தாசியாவும் அதை விட்டுவிட்டாள். வகுப்பில் இப்போது திமிங்கலம்தான் பாடம்.

குளிரில் பத்திரம்.

வெர்னா

—

பிப்ரவரி 12, 1984

அக்கா,

பந்து என் இடது முன்கையில் பட்டது.

நீ எப்படி இருக்கிறாய் என்று முதலில் கேட்டிருக்கவேண்டும். ஆனால் இந்த வரியை எழுதாமல் வேறெதையும் எழுத வரவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

வேண்டுமென்று கையை நீட்டினேனா என்று யோசித்து யோசித்துச் சலித்துவிட்டது. பாயும்போது கை தானாகத்தான் போயிற்று என்று நினைக்கிறேன். அதோடு போயிருந்தால் சரி. நடுவர் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு வெயில் எதிரே அடித்தது, பார்க்கவில்லை. "தம்பி, கையில பட்டுச்சா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஜெலின்ஸ்கி மூன்றடி தள்ளி நின்றான். நான், "இல்ல சார்" என்றேன். அதைக் கேட்டுத்தான் அவன் நடுவரின் சட்டையைப் பிடித்தான். என் சட்டையைத்தான் பிடித்திருக்கவேண்டும்.

போன மாதம் எல்சியின் கடையில் அப்பா ஒரு வெளியூர் லாரிக்காரருக்கு அந்தக் கோலைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இவன்தான்! எழுந்து காட்டுடா, எந்த இடத்துலன்னு" என்றார். நான் எழுந்து நின்று மார்பைத் தொட்டுக் காட்டினேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இடது கையை.

மறுநாள் காலை லாரியில் சொன்னேன்.

"அப்பா, அது மார்புல படல."

"எது?"

"பந்து. கையில பட்டுச்சு."

கியரை மாற்றினார். கொஞ்ச தூரம் போனோம்.

"நடுவர் உன்னக் கூப்பிட்டுக் கேட்டாரே?"

"கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னேன்."

அன்றைக்கு ஒன்பது பண்ணை. ஒன்பதிலும் பால் குழாயைத் தானே இழுத்து மாட்டினார், என்னைத் தொடவிடவில்லை. அதோடு பேச்சு நின்றது.

அந்தச் சனிக்கிழமை ஆல்டர்ஃபோர்டுக்குப் போனேன். நூற்று நாற்பது மைல். ஜெலின்ஸ்கி மாடி அறையில் இருந்தான். கதவைத் திறந்தவன் உள்ளே கூப்பிடவில்லை.

"கையில பட்டுச்சு. நான் பொய் சொன்னேன். அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? நான் அங்கதானே நின்னேன்?"

"மன்னிச்சுக்கோ."

"எதுக்கு? வேலைக்கா? வேற வேலை கிடைக்கும். அந்த இருபது நிமிஷம் ஆடியிருப்போம்ல? யாரு ஜெயிச்சிருப்பாங்கன்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அத எங்கேருந்து கொண்டாந்து தருவ?"

கதவுக்கு வெளியிலேயே நின்றேன்.

"இங்க வந்து சொல்றது லேசு. எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சத எனக்கே சொல்ற. தெரியாதவங்களுக்குச் சொல்லு. எழுதிக் குடு" என்று கதவைச் சாத்தினான்.

எழுதிவிட்டேன். கூட்டமைப்பு அலுவலகத்துக்கு ஒன்று, அந்தப் பள்ளிக்கு ஒன்று. அனுப்பும் முன் கோச்சிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "எண்பது வருஷத்துல ஒரு கோப்பைடா" என்றார். பிறகு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். அணியில் இப்போது யாரும் என்னோடு பேசுவதில்லை.

நஸ்தாசியாவிடம் சொல்லிவிடு.

லைல்

—

பிப்ரவரி 21, 1984

வெர்னாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பாய்.

எல்லாம் தெரிந்திருக்கும். நீதான் கேட்டு எழுதினாயாம், அம்மா சொன்னாள். கேட்காமல் இருந்திருக்கலாம் நீ. மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு உனக்கு எதற்கு அது?

கடையிலிருந்து படத்தை நானே கழற்றினேன். யார் யாரிடம் சொன்னேனோ அவர்களிடமெல்லாம் போய், நான் சொன்னது தப்பு என்று சொல்லி முடிக்க எட்டு நாள் ஆயிற்று. அந்த வெளியூர் லாரிக்காரர் மட்டும் பாக்கி, அவர் எங்கே இருக்கிறாரோ. லைலோடு நான் பேசவில்லை. என்னோடு அம்மா பேசவில்லை. வீட்டில் வானொலி மட்டும் பேசுகிறது.

அப்பா

—

மார்ச் 9, 1984

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். பகல் நீளத் தொடங்கிவிட்டது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

கேட்டது நான்தான். உங்கள் கடிதத்தைப் படித்ததால் கேட்டேன். நடுவருக்குப் பதில் சொல்லும்போது அவன் தலை குனிந்திருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அடக்கம் என்று நினைத்தீர்கள். லைல் சின்ன வயதில் சீட்டாட்டத்தில் ஜெயித்தால்கூட மேசைமேல் ஏறி ஆடுவான். அவன் எப்போது தலை குனிவான் என்று நாம் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று. நான் இரண்டு தடவை எழுதியும் அவன் எனக்குச் சொல்லவில்லை. முதலில் சொன்னது உங்களிடம்தான். அப்போது அவன் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நீங்கள் அவனை லாரியிலிருந்து இறக்கிவிட்டிருக்கலாம் என்றும் அவனுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு என் அன்பு.

வெர்னா

—

ஏப்ரல் 8, 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே பனி உருகிச் சேறு. அம்மாவுக்குச் சளி, குறைந்து வருகிறது.

கூட்டமைப்பிலிருந்து கடிதம் வந்தது. ஆட்டத்தின் முடிவு மாறாது. ஜெலின்ஸ்கியின் பெயரில் இருந்த சிவப்பு அட்டையைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பள்ளியில் வேறொருவரைச் சேர்த்துவிட்டார்களாம். அவனுக்கு மிச்சிகனில் ஒரு இடம் கிடைத்திருப்பதாகக் கேள்வி. அவனிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை. வரவேண்டியதும் இல்லை. கோப்பையைத் திருப்பிக் கொடுப்பதா என்று அணி ரகசியமாக வாக்கெடுத்தது. வைத்துக்கொள்ளலாம் என்று பன்னிரண்டு, கொடுத்துவிடலாம் என்று ஒன்பது. ஒன்பதில் நானும் ஒருவன். மற்ற எட்டுப் பேர் யாரென்று எனக்குத் தெரியாது.

நேற்று அணியின் வருடாந்திர விருந்து. போவதாக இல்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐந்து மணிக்கு அப்பா கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். இரண்டு மாதத்துக்கு மேல் என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர். "கோட்டப் போடு. நேரமாச்சு" என்றார்.

கல்லூரி உணவுக்கூடத்தில் எங்கள் மேசையில் எட்டு நாற்காலி. நானும் அப்பாவும் மட்டும் உட்கார்ந்தோம். மீதி ஆறும் கடைசிவரை காலியாகவே இருந்தன. கோழி, பட்டாணி, ரொட்டி. அப்பா எல்லாவற்றையும் சாப்பிட்டார். பிறகு கோச் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கடைசி வருடக்காரர்களுக்கு மேலங்கி கொடுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூரை அதிரக் கைதட்டல், விசில். "லைல் ஹால்வர்சன்" என்றார். கூடம் அடங்கிப்போயிற்று. யாரோ தட்டில் முள்கரண்டியை வைத்த சத்தம் கேட்டது.

எழுந்து நடந்தேன். நான்கைந்து அடி போயிருப்பேன். பின்னால் நாற்காலி தள்ளப்படும் சத்தம். அப்பா எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார். அவர் ஒருவர் மட்டும். வேகமாக இல்லை, நிதானமாக, ஒவ்வொன்றாக. நான் மேடைக்குப் போய், கோச்சின் கையைக் குலுக்கி, மேலங்கியை வாங்கிக்கொண்டு, அவ்வளவு நீளக் கூடத்தையும் கடந்து திரும்பி வரும்வரை தட்டினார். யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்த பிறகுதான் அவரும் உட்கார்ந்தார்.

வீட்டுக்குத் திரும்ப இருபது மைலும் அப்பாதான் வண்டியை ஓட்டினார். ஊர் எல்லையில் வேகத்தைக் குறைத்துவிட்டு, "கோழி உள்ள வேகவே இல்ல. கவனிச்சியா?" என்றார்.

"கவனிச்சேன்பா."

"எல்லாருக்கும் அப்படித்தானா, நம்ம மேசைக்கு மட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

பதில் எழுது. உன் பிள்ளைகளுக்கு என் அன்பு.

தம்பி,
லைல்